மலையின் வயதைச் சொன்ன பல்



பள்ளிக்கூடத்துப் பிள்ளை உரக்கப் படிக்கிறான்: "இந்தப் பாறைகளின் வயது சுமார் 25 கோடி ஆண்டுகள்." பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும் பாட்டி கேட்கிறாள்: "ஏண்டா, அதை யாருடா கூட இருந்து பார்த்தது?" பிள்ளை விழிக்கிறான். அவன் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

பாட்டியின் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். சாட்சி இல்லாமல் வயதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்பது நியாயமான பேச்சு. பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால் சிவப்பு அடையாளக் கார்டோடு எத்தனையோ ஆண்டுகள் அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வயதுக்குச் சாட்சி வேண்டும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலைக்கும் அப்படி ஒரு சாட்சி இருக்கிறது. ரவைத் துகள் அளவே உள்ள ஒரு பல்தான் அது. அந்தப் பல்லின் கதையைத்தான் இந்த முறை பார்க்கப் போகிறோம்.

அலோர்ஸ்டாரிலிருந்து பெர்லிஸை நோக்கிப் பயணம் செய்தவர்களுக்குக் கெடா மாநிலத்தின் வடக்கே உள்ள கோடியாங் என்ற ஊர் தெரிந்திருக்கும். கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல்வெளி. அதன் நடுவே, யாரோ தூக்கிக்கொண்டு வந்து வைத்ததுபோல் செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலடியில் பிறந்தது. கிளிஞ்சல், பவளம், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் ஓடு, சுண்ணாம்புச் சேறு எல்லாம் அடுக்கடுக்காகப் படிந்து, காலப்போக்கில் இறுகிக் கல்லாகிவிடுகிறது. பிறகு பூமியின் அசைவால் மேலே தூக்கப்பட்டு மலையாகிறது. பாட்டியின் விரல் நுனியில் உள்ள சுண்ணாம்புக்கும் இந்தக் குன்றுக்கும் ஒரே குலம், ஒரே கோத்திரம்.

இந்தக் கோடியாங் குன்றுகளைப் 'பழைய உயிர் யுகம்' என்று சொல்லப்படும் பாலியோசோயிக் யுகத்தைச் சேர்ந்தவை என்றே நிபுணர்கள் நெடுநாள் கருதி வந்தார்கள். பார்வைக்கு அப்படித்தான் இருந்தன. வடக்கே உள்ள மற்ற சுண்ணாம்புக்கல் மலைகளைப் போலவே சாம்பல் நிறம், அதே கடினம். 1966ஆம் ஆண்டு இஷீ, நோகாமி என்ற இரண்டு ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோடியாங் கல்லைக் கரைத்துப் பார்த்தோம், உள்ளே கோனொடோன்ட் என்னும் நுண்ணிய பற்கள் கிடைத்தன, அவை பழைய யுகத்துப் பற்கள் அல்ல, அதற்கு அடுத்த யுகத்தின் தொடக்கமான டிரையாசிக் காலத்துப் பற்கள் என்றார்கள். அவ்வளவுதான், ஒரு குன்று வரிசையே ஒரு யுகம் தள்ளி உட்கார்ந்தது! பிற்பாடு நடந்த ஆராய்ச்சியில் அதே சுண்ணாம்புக்கல்லின் அடிப்பகுதியில் பழைய யுகத்தின் கடைசிக் காலமான பெர்மியன் காலத்துப் பற்களும் கிடைத்தன. ஆக, ஒரு யுகம் முடிந்து இன்னொரு யுகம் பிறந்த கணக்கு அந்தக் குன்றுகளுக்குள் இருக்கிறது.

கல்லுக்குள்ளிருந்து அந்தப் பல்லை எப்படி எடுக்கிறார்கள்? இங்கேதான் நம் வாசகர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது.

உளியால் கொத்தி எடுக்க முடியாது. பல் நொறுங்கிவிடும். கல்லைத்தான் கரைக்க வேண்டும். அதற்கு ஊற்றுகிற மருந்து என்ன தெரியுமா? தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றினார்களே பார்மிக் ஆசிட், அதுவேதான்! வாளி வாளியாகக் கொண்டுவந்த பாலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, அளவாக ஆசிட் விட்டுக் கலக்கி, நுரையை வழித்தெடுத்து, தகடுகளைச் செருகிவிட்டுப் போனால் பால் கட்டியாகிவிடும். பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களிலும் பெரியவர்களின் மூக்கு அந்த நெடியை மறந்திருக்காது. முதன்முதலில் எறும்புகளைக் காய்ச்சி வடித்து எடுத்ததால், லத்தீன் மொழியில் எறும்புக்கு உள்ள பெயரையே அந்த ஆசிட்டுக்கும் வைத்துவிட்டார்கள். சில ஆராய்ச்சிக் கூடங்களில் பார்மிக் ஆசிட்டுக்குப் பதிலாக, காடியில் உள்ள அசெட்டிக் ஆசிட்டைப் பயன்படுத்துவார்கள். அதுவும் ரப்பர் பாலை உறைய வைக்க உதவியதுதான்.

ரப்பர் பாலைக் கட்டியாக்கும் அதே ஆசிட், சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துவிடுகிறது. கல்லை நெல்லிக்காய் அளவுத் துண்டுகளாக உடைத்து, பிளாஸ்டிக் வாளியில் போட்டு, ஏறத்தாழ பத்துக்கு ஒரு பங்கு ஆசிட் கலந்த தண்ணீரை ஊற்றினால் குபுகுபுவென்று நுரைக்கும். சுண்ணாம்பு கரைந்து வாயுவாகவும் உப்பாகவும் பிரிகிறது. ஆனால் பல்லின் பொருள் வேறு. அது கால்சியம் பாஸ்பேட். நம் பல்லிலும் எலும்பிலும் உள்ள அதே இனம். அளவறிந்து ஊற்றினால் ஆசிட் அதைத் தின்பதில்லை. காரமான ஆசிட்டை ஊற்றிவிட்டாலோ கல்லும் போகும், பல்லும் போகும். அளவுதான் இந்த வேலையின் உயிர்.

சில நாட்கள் கழித்து வாளியின் அடியில் கொஞ்சம் வண்டல் தங்கியிருக்கும். அதை நுண்ணிய சல்லடையில் அலசி, உலர்த்தி, ஒரு கனமான திரவத்தில் போடுவார்கள். மண்ணும் மணலும் மிதக்கும். பல் கீழே போய்த் தங்கும். ஈய லம்பத்தில் தூலாங் தட்டை வைத்து மண்ணை அலசிய பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. கனமானது அடியில் தங்கும் என்பதுதான் இரண்டுக்கும் சூத்திரம். பிறகு நுண்பெருக்காடிக்குக் கீழே கறுப்புத் தட்டில் பரப்பி, நுனி நனைத்த மெல்லிய தூரிகையால் பல்லை ஒன்றொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது இதற்கு முன்னால் விளையாட்டு. சில கல்லில் ஒரு கிலோவுக்கு நூற்றுக்கணக்கில் கிடைக்கும். சில கல்லில் ஒரு வாரம் பாடுபட்டும் ஒன்றும் இராது.

பிள்ளைகளே, பார்மிக் ஆசிட் கையைப் பொசுக்கிவிடும், அதைத் தொடாதீர்கள். ஒரு கிளாஸ் காடியில் முட்டை ஓட்டைப் போட்டுப் பாருங்கள். ஓட்டின் மேல் முத்து முத்தாகக் குமிழி எழும்பும். சுண்ணாம்புக்கல்லுக்கு நேர்வதும் அதுதான்.

அந்தப் பற்கள் யாருடையவை என்பது ஒரு தனிக் கதை. 1856ஆம் ஆண்டு கிறிஸ்டியன் பாண்டர் என்ற அறிஞர், பால்டிக் கடலை ஒட்டிய நாட்டுப் பாறைகளில் இவற்றைக் கண்டு எழுதினார். ஏதோ மீனின் பற்கள் என்று நினைத்தார். கோனொடோன்ட் என்றால் கூம்புப் பல் என்று பொருள். நாமும் இனி அப்படியே சொல்வோம். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல் கிடைத்ததே தவிர, பல்லுக்கு உரிய பிராணி கிடைக்கவில்லை. புழு என்றார் ஒருவர், நத்தை இனம் என்றார் இன்னொருவர், செடி என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். 1982ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரத்தில், பல காலமாக அலமாரியில் கிடந்த ஒரு கல்லை யூவன் கிளார்க்சன் என்பவர் எடுத்துப் பார்த்தார். விலாங்கு மீனைப் போல நீண்டு மெலிந்த, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் உடல் ஒன்று கல்லில் பதிந்திருந்தது. அதன் தலைப் பக்கத்தில், இருக்க வேண்டிய இடத்தில், கூம்புப் பற்கள்! 1983இல் அவரும் துணைவர்களும் அதை வெளியிட்டார்கள். தாடையே இல்லாத சிறு நீச்சல் பிராணி அது. முதுகெலும்புள்ள இனத்துக்கு, அதாவது நமக்கு, தூரத்து உறவு.

மென்மையான உடல் அழுகிப் போய்விடுகிறது. பல் மட்டும் கடலடிச் சேற்றில் விழுந்து கல்லோடு கல்லாகத் தங்குகிறது. ஒவ்வொரு பிராணியின் வாயிலும் பல பற்கள் இருந்ததால் எண்ணிக்கைக்கும் குறைவில்லை.

சரி, பல் கிடைத்தது. அது எப்படிக் காலத்தைச் சொல்லும்?

பழைய தகரப் பெட்டிகளில் ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டைச் சிலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டு 1942 முதல் 1945 வரைதான் செல்லுபடியானது. ஆனால் அந்தக் கொஞ்ச காலத்துக்குள் மலாயா, சிங்கப்பூர் எங்கும் பரவிவிட்டது. பார்த்ததும் யாரும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். படத்தில் வாழைமரம் இருக்கிறது. இப்போது, ஒரு பழைய லயத்தின் அடியைத் தோண்டுகிறீர்கள், மண் அடுக்கு ஒன்றில் வாழைமர நோட்டு ஒன்று அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அடுக்கு 1942க்கு முன்னால் படிந்திருக்க முடியாது என்று நீங்கள் சத்தியம் செய்யலாம். தைப்பிங்கில் ஓர் அடுக்கிலும் குளுவாங்கில் ஓர் அடுக்கிலும் அதே நோட்டு கிடைத்தால், இரண்டு அடுக்கும் ஏறக்குறைய ஒரே காலம் என்று கணக்குப் போடலாம்.

கூம்புப் பல் கல்லுக்குள் கிடக்கும் வாழைமர நோட்டு. கடலில் நீந்திய பிராணியாகையால் ஊர் ஊராகப் பரவியது. அதன் பல்லின் வடிவமோ தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டே வந்தது. ஒரு வடிவம் தோன்றும், சில காலம் எங்கும் காணப்படும், மறையும். வேறு வடிவம் வரும். அந்த வரிசை உலகத்தில் எங்கே பார்த்தாலும் தலைகீழாக மாறுவதில்லை. பாறை அடுக்குகளை உயிர்ச் சின்னங்களைக் கொண்டு வரிசைப்படுத்தலாம் என்று முதலில் தெளிவாகக் கண்டவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்மித். கிராமத்துக் கொல்லரின் மகன், எட்டு வயதில் தகப்பனை இழந்தவர். கால்வாய் வெட்டுகிற இடங்களில் அளவைக்காரராக வேலை பார்த்தபோது, கூலியாட்கள் வெட்டித் திறந்த மண்ணைப் பார்த்துப் பார்த்தே இதைக் கற்றுக்கொண்டார். 1815ஆம் ஆண்டு இங்கிலாந்து முழுவதற்கும் பாறை வரைபடம் போட்டார். அதற்குப் பிறகு கடன்காரர்கள் அவரைச் சிறைக்கும் அனுப்பினார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த ஸ்மித்தின் சகோதரி மகன் ஜான் பிலிப்ஸ்தான் 1841ஆம் ஆண்டு உயிர்ச் சின்னங்களைப் பார்த்துக் காலத்தை மூன்று பெரும் யுகங்களாகப் பிரித்தவர்: பழைய உயிர் யுகம், இடை உயிர் யுகம், புதிய உயிர் யுகம். பழைய யுகத்துக் கடல் உயிர்களுக்கும் இடை யுகத்துக் கடல் உயிர்களுக்கும் நடுவே ஒரு பெரிய வெட்டு விழுந்திருப்பது அப்போதே தெரிந்தது.

அந்த வெட்டு சாதாரணமானது அல்ல. பூமியில் நடந்த எல்லாச் சாவுகளிலும் அதுதான் பெரிய சாவு. கடலில் இருந்த உயிர் வகைகளில் பத்தில் எட்டுக்கும் மேல் அழிந்துபோயின. பல கோடி ஆண்டுகள் கடலடியில் ஊர்ந்து திரிந்த டிரைலோபைட் பூண்டோடு போயிற்று. நெல்மணி வடிவத்தில் ஓடு கட்டி வாழ்ந்த ஃபுசுலினிட் என்ற சிற்றுயிர்கள், நம் நாட்டுப் பழைய சுண்ணாம்புக்கல்லிலும் காணப்படுபவை, அதற்குப் பிறகு ஒரு பாறையிலும் இல்லை. சைபீரியாவில் பூமி பிளந்து, மலேசியாவைப் போல் பல மடங்கு பரப்புக்குத் தீக்குழம்பு வழிந்து, அதோடு வந்த வாயு பூமியைச் சூடாக்கிக் கடலில் பிராணவாயுவைக் குறைத்துவிட்டது என்பதே இன்று பெரும்பாலான விஞ்ஞானிகளின் முடிவு.

அந்தச் சூட்டை அளந்து சொன்னதும் கூம்புப் பல்தான்! கடல்நீரின் வெப்பத்துக்கு ஏற்ப, அதில் வளரும் பல்லில் சேருகிற ஆக்ஸிஜனின் எடை வகைகள் கூடக் குறைய இருக்கும். அதை அளந்து, அந்தச் சமயத்தில் வெப்பக் கடலின் நீர் சுமார் 8 டிகிரி சூடேறியது என்று 2012இல் கணக்கிட்டார்கள். கடல் செத்துக்கொண்டிருந்தபோது அதில் நீந்திய பிராணியின் வாயில் எழுதப்பட்ட கணக்கு அது.

இந்தச் சாவைத் தாண்டித்தான் டிரையாசிக் காலம். சரி, எல்லைக் கல்லை எங்கே நடுவது? தோட்டத்துக்கும் கம்பத்துக்கும் எல்லை போடுவதிலேயே எத்தனை தகராறு! யுகத்துக்கு எல்லை போடுவதென்றால் கேட்க வேண்டுமா? நெடுங்காலம் ஓட்டோசெராஸ் என்ற பிராணியின் சுருள் ஓட்டை வைத்துத்தான் எல்லை சொன்னார்கள். நத்தை ஓட்டைப் போல் சுருண்ட அது இமயமலைப் பாறைகளில் கிடைத்தது. ஆனால் அந்தப் பிராணி எல்லாக் கடலிலும் வாழவில்லை. அது இல்லாத நாட்டில் எல்லையை எப்படிக் காண்பது? நம்பிக்கையான சாட்சி என்றால் எல்லா ஊரிலும் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

சீனாவின் யின் ஹொங்ஃபு என்ற அறிஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980களில் வேறு சாட்சியை முன்வைத்தார்கள். ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கூம்புப் பல். பார்வஸ் என்றால் லத்தீன் மொழியில் சிறியது. முன்னால் ஒரு பெரிய கூர், அதன் பின்னால் சீப்புப் பல்லைப் போல வரிசையாகச் சில சிறு கூர்கள். சீனாவிலும் காஷ்மீரிலும் ஈரானிலும் இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையிலும் அது கிடைக்கிறது. எந்த ஊர்ப் பாறையில் கல் நடுவது என்பதற்கும் போட்டி இருந்தது. ஸ்ரீநகருக்கு அருகே உள்ள குர்யுல் பள்ளத்தாக்கும் போட்டியில் நின்றது. கடைசியில் 2001ஆம் ஆண்டு, சீனாவின் செஜியாங் மாநிலத்தில் உள்ள மெய்ஷான் என்ற இடம் வென்றது. அங்கே 27 என்று எண்ணிட்ட பாறை அடுக்கின் நடுவே, பார்வஸ் பல் முதன்முதலாகத் தலைகாட்டும் இடத்தில், பழைய யுகம் முடிகிறது, புதியது தொடங்குகிறது என்று உலகத்து நிலவியலாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

கூர்ந்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கேட்கலாம். அந்தப் பெரிய சாவு 25ஆம் அடுக்கில் விழுகிறது. எல்லையோ அதற்கு ஏறத்தாழ ஒரு சாண் மேலே இருக்கிறது. செத்த இடத்தில் கல் நடாமல் பிறந்த இடத்தில் நடுவானேன்?

மறுபடியும் வாழைமர நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1942க்கு முன்னால் யாரிடமும் அது இருந்திருக்க முடியாது. ஆனால் 1945க்குப் பிறகும் பெட்டியில் கிடக்கலாம், இன்றும் கிடக்கிறதே! ஆகவே 'கடைசியாகக் கிடைத்தது' என்பதை விட 'முதலில் கிடைத்தது' என்பதே உறுதியான சாட்சி. கடலடியிலும் அப்படித்தான். நீரோட்டம் பழைய சேற்றை அரித்து, பழைய பல்லைப் புதிய சேற்றில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். இன்னும் பிறக்காத பிராணியின் பல்லைப் பழைய சேற்றில் போடத் தண்ணீருக்கு வழியில்லை. தவிர, சாவு எல்லா உயிருக்கும் ஒரே நாளில் வரவில்லை. எந்தச் சாவை எல்லையாக வைப்பது?

இதிலும் குறை சொல்கிறவர்கள் உண்டு. பார்வஸ் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் தோன்றவில்லை, சில இடத்தில் முந்தியும் சில இடத்தில் பிந்தியும் வந்திருக்கிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிறந்த ஊரிலிருந்து மற்ற ஊருக்குப் பரவ எந்த உயிருக்கும் கொஞ்சம் காலம் பிடிக்கும். அதனால்தான் ஒரு பல்லை மட்டும் நம்பாமல், கூடக் கிடக்கும் மற்றப் பற்கள், பாறையில் உள்ள கரியின் வகை, சாம்பல் படிவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். என் கருத்தில், சண்டை போட்டுக்கொண்டே ஓர் எல்லையை ஒப்புக்கொண்ட இந்த அறிஞர்கள் நிலத் தகராறுக்காரர்களை விட எவ்வளவோ தேவலை.

'25 கோடி' என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொன்னது பல் அல்ல. நம் பெரியவர்களில் சிலர், "ஜப்பான்காரன் வந்த வருஷம் நான் கைக்குழந்தை" என்று வயதைச் சொல்வார்கள். எது முந்தி, எது பிந்தி என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் ஜப்பான்காரன் வந்தது எந்த வருஷம் என்பதை வேறு இடத்தில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல்லும் அப்படியே வரிசையை மட்டும் சொல்கிறது. வருஷத்தைச் சொல்வது எரிமலைச் சாம்பல். மெய்ஷான் பாறைகளுக்கு நடுவே, அந்தக் காலத்து எரிமலைகள் கக்கிய சாம்பல் மெல்லிய களிமண் அடுக்காகப் படிந்திருக்கிறது. அதில் சிர்கான் என்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் உள்ள யுரேனியம், ஒரு கடிகாரம் தவறாமல் ஓடுவதைப் போல, மாறாத வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே வருகிறது. எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும். எல்லைக்குக் கீழே உள்ள சாம்பலையும் மேலே உள்ள சாம்பலையும் இப்படி அளந்து, 2014ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கு இது: எல்லையின் வயது 25 கோடியே 19 லட்சத்து 2 ஆயிரம் ஆண்டு, பிசகு இருந்தால் முன்னே பின்னே 24 ஆயிரம் ஆண்டு. அந்தப் பெரிய சாவு முழுவதும் சுமார் 60 ஆயிரம் ஆண்டுக்குள் முடிந்துவிட்டது என்பதும் அப்போது தெரிந்தது. நமக்கு அது நீண்ட காலம். கல்லிலோ அது ஏறத்தாழ ஒரு சாண்தான்.

எல்லாப் பாறையிலும் சாம்பல் இல்லை. கோடியாங் குன்றுகளைப் போன்ற இடங்களில் பல்தான் வழிகாட்டி. இங்கே கிடைத்த பல்லையும் வேறு நாட்டில் வயது அளந்த அடுக்கில் உள்ள பல்லையும் ஒப்பிட்டு, இந்த அடுக்கு இன்ன காலம் என்று சொல்கிறார்கள்.

"இதனால் வயிற்றுக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. புகைக் கூடத்தில் தொங்கவிட்ட ரப்பர் ஷீட் எப்படி வெள்ளையிலிருந்து பொன்னிறமாகி, பழுப்பாகிறதோ, அதைப் போல கூம்புப் பல்லும் பூமிக்குள் சூடு ஏற ஏற நிறம் மாறுகிறது. சூடு படாத பல் வெளிர் மஞ்சள். சூடு கூடக் கூடப் பழுப்பு, பிறகு கறுப்பு. அனிதா ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி இதைக் கவனித்து, பல்லை உலையில் சுட்டுப் பார்த்து, துணைவர்களோடு 1977ஆம் ஆண்டு ஒரு நிற அளவுகோலை வெளியிட்டார். பாறைக்குள் எண்ணெய் உண்டாக மிதமான சூடு வேண்டும். சூடு மிஞ்சினால் எண்ணெய் அழிந்துவிடும். பல் கன்னங்கறுப்பாக இருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் தேடித் துளை போடுவது வீண் செலவு. எண்ணெய்க் கம்பெனிகள் இந்தச் சின்னப் பல்லை மதிப்பதற்குக் காரணம் புரிகிறதா?

சூடு இன்னும் மிஞ்சினால் சுண்ணாம்புக்கல்லே உருமாறிச் சலவைக்கல்லாகிவிடும். தைப்பூசத்துக்கு நாம் ஏறும் பத்துமலை அந்த மாதிரி. அதுவும் கடலடியில் பிறந்த கல்தான். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுக்கு முந்தியது என்கிறார்கள். ஆனால் பூமிக்குள் வெந்து உருமாறியதில் அதனுள் இருந்த உயிர்ச் சின்னங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அந்த வட்டாரக் கல்லில் அழியாமல் தப்பிய சின்னங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்ததால்தான் அவ்வளவு வயதாவது சொல்ல முடிந்தது.

கடைசியாக, மெய்ஷானைப் பற்றி இன்னொரு செய்தி. அது விஞ்ஞானிகள் தோண்டிய இடம் அல்ல. அது ஒரு கல் குவாரி. கட்டடத்துக்காகக் கல் வெட்டிய தொழிலாளிகளின் கைதான் அந்தச் சுவரைத் திறந்து வைத்தது. இன்று அங்கே யாரும் கல் வெட்டுவதில்லை; பாதுகாக்கப்பட்ட இடமாகிவிட்டது. நம் நாட்டில் சுண்ணாம்புக்கல் குன்றுகள் சிமெண்டுக்கும் சாலைக்குமாக இன்னும் உடைபடுகின்றன. வீடும் வேண்டும், சாலையும் வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு குன்றில் கல் எடுக்கும்போது எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். கீழிருந்து மேலாக, அடுக்கு அடுக்காக, ஓர் அடுக்குக்குச் சில கிலோ. ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, எந்தக் குன்று, எந்த அடுக்கு, அடியிலிருந்து எத்தனை மீட்டர் என்று பையின் மேல் எழுதிக் கட்டுவார்கள். லாரியில் ஒன்றாகக் கொட்டிய கல்லிலும் பல் இருக்கும். எந்த அடுக்குக்கு மேலே எந்த அடுக்கு இருந்தது என்று அதைக் கேட்டால் மட்டும் அது சொல்லாது.